விற்பதற்கு முன் பெயின்ட் அடிக்காதீர்கள்: பாதுகாக்கப்பட்ட பழைய காருக்கு என்ன மதிப்பு?

கேள்வி இது: பல வருடங்களாக ஒரே குடும்பத்தில் இருந்து, நன்றாகப் பராமரிக்கப்பட்டு, பெயின்ட் கூட மாற்றாத ஒரு பழைய காருக்குச் சேகரிப்பாளர்கள் உண்மையில் எவ்வளவு கொடுப்பார்கள்? விற்பதற்கு முன் புது பெயின்ட் அடித்து, சீட்டெல்லாம் மாற்றிப் பளபளவென்று ஆக்கிவிட்டால் விலை கூடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. பெயின்ட் அடிக்காதீர்கள். சீட் கவர் மாற்றாதீர்கள். குரோம் பம்பரைப் புது முலாம் பூசக் கொடுக்காதீர்கள். விலை பற்றிப் பிறகு பொறுமையாகப் பேசலாம். ஒரு தடவை சுரண்டி எடுத்துவிட்டால் ஃபேக்டரி பெயின்ட் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பி வராது. சேகரிப்பாளர் கூடுதலாகப் பணம் கொடுப்பதே அதற்குத்தான்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று. 2014 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஸ்காட்ஸ்டேலில் கூடிங் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலம். மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.எல். கல்விங் கார்கள் இரண்டு அங்கே விற்பனைக்கு வந்தன. கதவுகள் மேல்நோக்கித் திறக்கும் கார் இது. 1954 முதல் 1957 வரை 1,400 மட்டுமே செய்யப்பட்டன. ஒன்று முழுக்க ரீஸ்டோர் செய்யப்பட்டு, ஷோரூமிலிருந்து அப்போதுதான் வந்தது போல நின்றது. மற்றது யாரும் கை வைக்காத கார். காலம் உண்டாக்கிய தேய்மானம் முழுவதும் அதன்மேல் அப்படியே தெரிந்தது. பளபளத்த கார் சுமார் 14 லட்சம் டாலருக்குப் போனது. தேய்ந்த கார் சுமார் 19 லட்சம் டாலருக்குப் போனது. அதை வாங்கியவர் அப்புறம் ரீஸ்டோர் செய்ய நினைத்தால் அதற்கும் பெரிய தொகை தனியாக வைக்க வேண்டும். தெரிந்தேதான் அந்த விலையைக் கொடுத்தார்.

ஏன் கொடுத்தார்? ரீஸ்டோர் செய்த கல்விங்கை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம். பணமும் நல்ல பட்டறையும் இருந்தால் போதும். கை படாத கல்விங்கோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, ஆனால் என் கணக்கில் அதற்குத்தான் எடை அதிகம்: சந்தேகம். புது பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. துருவை வெட்டி எடுத்தார்களா, பட்டி வைத்து மறைத்தார்களா, முன்பக்கம் ஒரு தடவை நொறுங்கி நிமிர்த்தப்பட்டதா, எதற்குமே வெளியிலிருந்து விடை கிடைக்காது. மங்கிப்போன பழைய பெயின்ட் தன் கதையை மறைப்பதில்லை. அந்த நிச்சயத்துக்கு ஒரு விலை உண்டு.

இந்த ரசனை எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் கார் கண்காட்சிகளில் பரிசு வாங்க வேண்டுமென்றால், ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்ததை விடவும் பளபளப்பாகக் காரை ஆக்குவார்கள். கதவு இடுக்குகள் அச்சுப் பிசகாமல் இருக்கும். ஃபேக்டரியில்கூட அப்படி இருந்ததில்லை. அந்த ஓட்டத்தில் எத்தனையோ அசலான கார்கள் சுரண்டப்பட்டன என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்று காற்று மாறிவிட்டது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடக்கும் கண்காட்சிதான் பழைய கார் உலகத்தில் மிகப் பெரிய மேடை. 2024-ல் அங்கே ஒட்டுமொத்த முதல் பரிசை வாங்கியது 1934-ஆம் வருடத்து புகாட்டி டைப் 59. ரேஸ் காராகப் பிறந்து, பிறகு பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார். அவர் காலத்துக் கருப்புப் பெயின்ட் விரிசல்களோடு அதன்மேல் அப்படியே இருக்கிறது. ரீஸ்டோர் செய்யப்படாத, அசலாகப் பாதுகாக்கப்பட்ட கார்களுக்கான பிரிவில் வந்த ஒரு கார் அங்கே ஒட்டுமொத்த முதல் பரிசு வாங்கியது அதுதான் முதல் தடவை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு ‘அப்படியானால் என் காருக்கும் லட்சக்கணக்கில் வரும்’ என்று முடிவு செய்துவிட வேண்டாம். அசலாகப் பாதுகாத்து வைத்திருப்பது விலையைப் பெருக்கும். ஆனால் எதைப் பெருக்குகிறது என்பதை முடிவு செய்வது மாடல். லட்சக்கணக்கில் தயாரான நாலு கதவு குடும்பக் கார் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதே மாடலில் கந்தலான ஒன்றை விட இரண்டு மூன்று மடங்கு போகலாம், அவ்வளவுதான். அது நல்ல விலைதான், ஆனால் சொத்து வாங்கும் விலை இல்லை.

எண்ணிக்கை குறைவு என்பதும் தனியாக ஒன்றும் செய்யாது. யாருக்கும் பிடிக்காததால் குறைவாக விற்ற கார்கள் ஏராளம். இன்றும் அவற்றைத் தேடி யாரும் வருவதில்லை. ஆசையும் அபூர்வமும் சேர வேண்டும். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36 தான். ரேஸில் ஜெயித்த கார், பார்க்கவும் அழகு, சாலையிலும் ஓட்டலாம். அதனால்தான் 2018-ல் ஒன்று 4.8 கோடி டாலருக்கு மேல் போனது. 2022-ல் மெர்சிடிஸின் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. உலகத்தில் இரண்டே இருக்கும் கார் அது, 1955 முதல் விற்கும் நாள் வரை செய்த கம்பெனியிடமே இருந்தது. கார் ஏலத்தில் இதுவரை கேள்விப்படாத தொகை. இந்த எண்களைச் சொல்வது கனவு காண்பதற்காக இல்லை. மேல்மட்டத்தில்கூட ‘வரலாறு தெளிவாக இருக்கிறதா, கை மாறாமல் இருந்ததா’ என்று அதே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன என்று காட்டத்தான்.

ஆசை தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் பதினைந்து வயதில் சுவரில் படம் ஒட்டி வைத்த காரை, கையில் பணம் சேர்ந்ததும் தேடுவார். அதனால்தான் 1980-கள், 1990-களின் கார்கள் இப்போது ஏறியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சாதாரண கார்களுக்கு வாங்குபவர்கள் குறைந்துவருகிறார்கள். 2021 ஆகஸ்டில் 1995-ஆம் வருடத்து மெக்லாரன் எஃப்1 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 2 கோடி டாலரைத் தாண்டியது. புதிதாக வாங்கி அதுவரை அது ஓடியது 400 கிலோமீட்டருக்கும் குறைவு. எஃப்1 எப்படியும் விலை உயர்ந்த கார்தான். ஆனால் அந்தக் கிலோமீட்டர் எண்தான் அந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்தது.

ஒரே மாடலுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. பொதுவாக நாலு கதவை விட இரண்டு கதவுக்கும், மூடிய கூரையை விடத் திறக்கும் கூரைக்கும், ஆட்டோமேட்டிக்கை விடக் கையால் கியர் போடுவதற்கும் விலை அதிகம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்குள் இப்போது போக வேண்டாம்.

இனி முக்கியமான இடம். ‘ஒரிஜினல்’ என்று விற்பவர் சொல்வது வேறு, வாங்குபவர் நம்புவது வேறு. அனுபவமுள்ள சேகரிப்பாளர் காரைச் சுற்றி வரும்போது என்ன பார்க்கிறார் தெரியுமா? கையில் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். அதைக் கதவு, மட்கார்டு, கூரை என்று இடம் இடமாக வைத்துப் பார்ப்பார். ஃபேக்டரி பெயின்ட் பொதுவாக நூறிலிருந்து இருநூறு மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). காருக்குக் கார், அந்தந்தக் காலத்துப் பெயின்ட் வகைக்கு ஏற்ப இது மாறும், ஆனால் ஒரே காரில் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக வர வேண்டும். ஒரு கதவு மட்டும் 300 காட்டினால் அது மறுபடி அடிக்கப்பட்டது. எண் ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஃபைபர் கிளாஸ் பாடி உள்ள ஷெவ்ரோலே கார்வெட் போன்ற கார்களில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது; அங்கே கண்ணும் அனுபவமும்தான்.

அப்புறம் கண்ணாடிகளைப் பார்ப்பார். பல கார்களில் ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புத் தேதியைச் சொல்லும் சின்னக் குறியீடு பொறித்திருக்கும். எல்லாக் கண்ணாடியும் கார் பிறந்த தேதிக்குக் கொஞ்சம் முந்தையதாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பத்து வருடம் பிந்தையது என்றால், அந்தப் பக்கம் எதுவோ நடந்திருக்கிறது. சீட் பெல்ட்டின் லேபிளிலும் தேதி இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடியில் தகரத்தைப் பார்ப்பார். பின்னாலிருந்து இடி வாங்கிய கார் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். ஃபேக்டரியின் ஸ்பாட் வெல்டிங் சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் பள்ளங்களாக இருக்கும். பட்டறையில் டிங்கரிங் செய்தது அப்படி இருக்காது. கதவுக் கீல், பானட் கீல் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

ஓடோமீட்டரை அவர் கடைசியாகத்தான் பார்ப்பார். பல பழைய கார்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 ஆனதும் மறுபடி பூஜ்யம். அதனால் பிரேக் பெடலின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பக்கம், டிரைவர் சீட்டின் ஏறி இறங்கும் ஓரம் ஆகியவற்றைத்தான் நம்புவார். 30,000 ஓடிய கார் என்று சொல்லிவிட்டு பெடல் ரப்பர் மொழுமொழு என்று தேய்ந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்த ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் அதே கதைதான்.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஃபேக்டரிப் பதிவோடு பொருந்துகின்றனவா என்பது அடுத்தது. ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று சொல்வது இதைத்தான். ஸ்போர்ட்ஸ் கார்களிலும் பெரிய இன்ஜின் வைத்த அமெரிக்கக் கார்களிலும் இன்ஜின் மாறியிருந்தால் விலை பெருமளவு இறங்கும். போர்ஷே, ஃபெராரி, ஜாகுவார் போன்ற பல பெயர்களுக்குக் கம்பெனியோ அதன் பாரம்பரிய அமைப்போ பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. பல பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தருகிறது. எந்த நிறத்தில், எந்த இன்ஜினோடு, எந்தத் தேதியில் வெளியே போனது என்று அதில் இருக்கும். அந்தக் காகிதத்துக்கு ஆகும் செலவு விலையில் தாராளமாகத் திரும்பி வரும்.

காகிதங்களின் பலத்துக்கு ஒரு நல்ல உதாரணம், ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங். ஒரு குடும்பம் 1974-ல் அதை வாங்கி வீட்டுக் காராக ஓட்டியது. மெக்வீனே அதைத் திரும்ப வாங்க விரும்பி 1977-ல் கடிதம் எழுதினார். அவர்கள் விற்கவில்லை, ஆனால் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் நடந்த மீகம் ஏலத்தில் அது 34 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக் கட்டணம் சேர்த்து 37.4 லட்சம். பெயின்ட் பெயர்ந்து, துரு தெரிகிற நிலையில்தான் விற்றார்கள். கேமரா மாட்டுவதற்காகப் படப்பிடிப்பில் அடியில் வெல்டிங் செய்த அடையாளங்கள் அப்படியே இருந்தன. யாராவது நடுவில் ‘சுத்தமாக்கி’ இருந்தால் அந்த அடையாளங்கள் போயிருக்கும், நிரூபணமும் கூடவே போயிருக்கும். உங்கள் காரை எந்த நடிகரும் ஓட்டியிருக்க மாட்டார்; பரவாயில்லை. முதல் பில், சர்வீஸ் புத்தகம், பழைய இன்சூரன்ஸ் காகிதம், கார் புதிதாக இருந்தபோது எடுத்த குடும்பப் போட்டோ, உபரிச் சாவி, டூல் கிட் எல்லாமே இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாதுகாக்கப்பட்ட கார் வேறு, போட்டு வைத்த கார் வேறு. பழைய கொட்டகையில் தூசியோடு கிடந்த கார் கோடிகளுக்குப் போனது என்ற செய்திகள் பலரைக் குழப்பிவிட்டன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியல் நடத்திய ஏலத்தில் ஒரு ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.63 கோடி யூரோவுக்குப் போனது உண்மைதான். பிரான்ஸின் மேற்கில் ஒரு பண்ணையில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த கார் அது. ஆனால் அது கூரையும் கதவும் உள்ள கேரேஜில் இருந்தது. நடிகர் அலன் டெலான் ஒரு காலத்தில் வைத்திருந்ததும்கூட. அதே பண்ணையில் திறந்த கொட்டகையில் நின்ற பல கார்கள் துருப்பிடித்த கூடாகிவிட்டன.

இன்னும் பாடமாக இருப்பது 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பியர்ஸ் என்ற சிற்றூரில் நடந்த ஏலம். ஒரு பழைய ஷெவ்ரோலே டீலர், விற்காமல் நின்றுபோன புதிய வண்டிகளையும் மாற்றுக்கு வந்த பழைய வண்டிகளையும் பல ஆண்டுகளாக வைத்திருந்தார். மொத்தம் சுமார் 500. கட்டடத்துக்குள் வைத்திருந்த 1958 கேமியோ பிக்கப் ஒன்று வெறும் 1.3 மைல் ஓடியிருந்தது. அது 1,40,000 டாலருக்குப் போனது. வெளியே வெயிலிலும் பனியிலும் நின்றவை பலவற்றில் மரம் முளைத்திருந்தது. அவை அதன் அருகில்கூட வரவில்லை. குறைவாக ஓடியது என்பது மட்டும் காரைக் காப்பாற்றாது என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஓடாமல் நிற்பதே ஒரு கேடு. பெட்ரோல் கெட்டுப் பிசின் போலாகி கார்பரேட்டரை அடைக்கும், ஆயில் சீல்கள் காய்ந்து கசியும், பிரேக் சிலிண்டர் இறுகும், எலி ஒயரைக் கடிக்கும், ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகும். அதனால்தான் மாதத்துக்கு ஒரு தடவை இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, ஆயிலை நேரத்துக்கு மாற்றி வந்த கார், போர்வை போட்டு மூடிவைத்த காரை விடப் பெரும்பாலும் மேலானது. வாங்குபவர்களும் இதை அறிவார்கள்.

இப்போது விலையை எப்படிக் கணிப்பது? இணையத்தில் ‘விற்பனைக்கு’ என்று போட்டிருக்கும் தொகைகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; அது விற்பவரின் ஆசை. ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்ற விலைகளைப் பாருங்கள். அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே நிலை. வெளியிடும் தொகையில் வாங்குபவர் கட்டும் கட்டணம் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், பல இடங்களில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ; அது உங்கள் கைக்கு வராது. விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் பிடிக்கலாம். நிலையைப் பொதுவாக நான்கு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தரம் என்பது கண்காட்சியில் பரிசு வாங்கும் கார். குடும்பத்தில் ஓட்டி நன்றாக வைத்திருந்த கார் பெரும்பாலும் மூன்றாவதில் வரும், சிறப்பாக இருந்தால் இரண்டாவதில். தன் காரை ஒரு தரம் கூட்டி மதிப்பிடாத சொந்தக்காரரைப் பார்ப்பது கஷ்டம். அசலாக இருப்பதற்கான கூடுதல் விலை இந்தத் தரத்துக்கு மேல் தனியாக வருவது, அது எவ்வளவு என்பது அந்த மாடலின் சேகரிப்பாளர்கள் அசலை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ரீஸ்டோர் செய்து லாபம் பார்க்கலாம் என்ற கணக்கு சாதாரண மாடல்களில் ஏறக்குறைய எப்போதுமே தோற்கும். தகர வேலை, பெயின்ட், குரோம், உள்ளலங்காரம், இன்ஜின் எல்லாவற்றையும் முறையாகச் செய்தால், செலவு முடிந்த காரின் விலையைத் தாண்டிவிடும். இன்னும் வைத்திருந்தால் ஏறும் என்று காத்திருப்பதும் நிச்சயமில்லை. 1980-களின் கடைசியில் ஃபெராரி விலைகள் தாறுமாறாக ஏறின. 1990-களின் தொடக்கத்தில் சரிந்தபோது, உச்சத்தில் வாங்கியவர்கள் பல வருடம் எழ முடியவில்லை.

விற்பதாக முடிவு செய்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். மென்மையாகக் கழுவுங்கள், பழைய பெயின்ட் மெலிந்திருக்கும், மெஷின் பாலிஷ் அதை ஒரே நாளில் தின்றுவிடும். பிரேக், டயர், எரிபொருள் குழாய் போன்ற பாதுகாப்பு விஷயங்களை மட்டும் சரி செய்யுங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் காரோடு சேர்த்துக் கொடுங்கள். அடிப்பக்கம், துரு இருக்கும் இடம் உட்பட எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். குறைகளை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். மறைத்த ஒன்றை வாங்குபவர் கண்டுபிடித்தால், உண்மையாகச் சொன்ன பத்தையும் சந்தேகிப்பார்.

எங்கே விற்பது என்பதில் என் கருத்து இது. சாதாரண மாடலென்றால் அந்த மாடலுக்கான சங்கத்தில் கேளுங்கள். அசலின் அருமை தெரிந்தவர்கள் அங்கேதான் இருப்பார்கள், கமிஷனும் இல்லை. தேடப்படும் மாடலென்றால் ஏலம் நல்லது, ஏனென்றால் இரண்டு பேர் ஒரே காருக்கு ஆசைப்பட்டால்தான் அசலுக்கான கூடுதல் விலை வெளியே வரும். அதற்கு முன் அந்த மாடலை நன்றாக அறிந்த ஒருவரை வைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். அவர் உங்கள் காரை வாங்க விரும்புபவராக இருக்கக் கூடாது. அந்த மதிப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கொடுத்து, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு பாலிசி எடுங்கள். சாதாரண பாலிசி உங்கள் காரை வெறும் பழைய காராகத்தான் கணக்கிடும், விற்பனை முடிவதற்குள் காருக்கு ஏதாவது ஆனால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில்தான். ஏலத்துக்கு அனுப்பினால், இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டே அனுப்புங்கள்.